'மாயக் காளானைத் தேடி': நோயாளி இல்லாத மருத்துவக் கட்டுரை

அமெரிக்காவின் 'லைஃப்' இதழ் 1957 மே 13 அன்று 'மாயக் காளானைத் தேடி' என்ற கட்டுரையை வெளியிட்டது. எழுதியவர் கார்டன் வாசன். தொழிலால் வங்கியாளர், காளான் ஆய்வு அவருடைய தனி ஆர்வம். மெக்சிகோவின் வாகாக்கா மாநிலத்து மலையூரான ஊவாட்லாவில், மசாடெக் இனப் பாரம்பரிய மருத்துவர் மரியா சபீனா நடத்திய இரவுச் சடங்கில் 1955 ஜூன் இறுதியில் தாம் காளான் உண்ட அனுபவத்தை அதில் விவரிக்கிறார்.

கட்டுரையின் நிறையை முதலில் சொல்ல வேண்டும். வாசன் அம்மக்களை ஏளனம் செய்யவில்லை. காளான்கள் பங்கிடப்படும் முறை, இருட்டில் ஒலிக்கும் பாடல் என்று கண்டதையும் கேட்டதையும் பொறுமையாகப் பதிவு செய்கிறார். ஊரின் பெயரை மறைத்து, மருத்துவருக்கு ஏவா மெண்டெஸ் என்று மாற்றுப்பெயரும் இடுகிறார். ஆனால் முகம் தெரியும் படங்கள் உடன் அச்சானதால் அந்தக் கவனம் பயன்படவில்லை.

பெரிய குறை வேறு. இக்கட்டுரையில் நோயாளியே இல்லை. மசாடெக் வழக்கில் இச்சடங்கு நோயின் காரணத்தைக் கேட்டறிவதற்காக நடப்பது. மருத்துவரும் காளான் உண்பார். இரவு முழுதும் பாடிப் பாடிக் காரணத்தையும் தீர்வையும் தேடுவார். வாசனோ காட்சிகளைத் தேடிச் சென்றவர். அதனால் வண்ணங்களும் வடிவங்களும் கட்டுரையை நிறைக்க, சிகிச்சை பின்னணிக்குப் போய்விடுகிறது. 'மாய' என்ற சொல்லும் இதழாசிரியர்கள் தலைப்பில் சேர்த்தது. மரியா சபீனா அக்காளான்களைப் 'புனிதக் குழந்தைகள்' என்றே அழைத்தார்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். சுவிட்சர்லாந்து வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன் 1958இல் காளானிலிருந்து சைலோசைபினைப் பிரித்தெடுத்தார். 1962இல் அதை மாத்திரையாக எடுத்துச் சென்று மரியா சபீனாவிடம் கொடுத்தபோது, காளானின் ஆற்றல் இதிலும் உள்ளது என்று அவர் ஏற்றார். அப்படியானால் வேதிப்பொருள்தானே மருந்து? அவர் அந்த மாத்திரையையும் சடங்குக்குள் வைத்து, பாடலோடுதான் பயன்படுத்தினார் என்பதை மறந்துவிடக் கூடாது.

கட்டுரையைப் படித்தவர்கள் 1960களில் ஊவாட்லாவில் குவிந்தனர். ஊரார் பழி மரியா சபீனா மேல் விழுந்தது. அவர் வீடு எரிக்கப்பட்டது. அதே ஊரைச் சேர்ந்த மசாடெக் எழுத்தாளர் ஆல்வரோ எஸ்ட்ராடா 1977இல் வெளியிட்ட அவரது வாழ்க்கை வரலாற்றில், முன்பு நோயாளிகளுக்காகவே காளான் உண்ணப்பட்டது என்றும், அயலார் வந்தபின் அதன் ஆற்றல் போய்விட்டது என்றும் அவர் வருந்துகிறார்.

நம் நாளிதழ்கள் கொடைக்கானல் செய்திகளில் 'போதைக் காளான்' என்று எழுதுகின்றன. 'மாயம்' போலவே இச்சொல்லும் பொருளை மட்டும் காட்டுகிறது. மருத்துவரையும் நோயாளியையும் காட்டுவதில்லை. வாசனின் கட்டுரையை மாணவர்கள் அவசியம் படிக்கலாம். எஸ்ட்ராடாவின் நூலையும் சேர்த்துப் படித்தால்தான் அது முழுமையாகும்.