ஒரு செம்பு வில்லையில் மூன்று ஆட்சிகள்

ருஷ்ய நாட்டின் உழுநிலத்தில் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் புதைந்து கிடந்து, கலப்பையின் கொழுவால் புரட்டுண்டு வெளிவந்த ஒரு செம்புக் காசை முதன்முதலாகக் கையில் வாங்குகிறவர், அதன் கனத்தைக் கண்டு வியப்பாரேயன்றி, வியந்து ரசிப்பதற்கு அதில் வேறொன்றும் இருப்பதாக எண்ணமாட்டார். பச்சையும் கருமையும் படர்ந்து, மண் அப்பி, முகமும் எழுத்தும் மறைந்துபோன அந்த வில்லையில், மூன்று அரசர்களின் ஆட்சி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கலாம் என்று சொன்னால் அவர் நம்புவதும் அரிது. அவ்வாறு நம்ப முடியாததைக் கண்ணால் கண்டறிவதே இந்தக் கலையின் பரமானந்தம்.

எழுத்து மறைந்த காசை எவ்வாறு அறிவது? முதலில் தராசில் வைத்துத்தான் அறிய வேண்டும். ருஷ்யர்கள் செம்பைப் 'பூது' என்னும் பழைய நிறையால் அளந்தார்கள். ஒரு பூது ஏறத்தாழ 16.38 கிலோகிராம். ஒரு பூது செம்பிலிருந்து இத்தனை ரூபிள் அச்சிடுக என்று அரசு காலந்தோறும் விதித்த விகிதமே காசுகளின் எடையை நிர்ணயித்தது. ஆன்னா அரசியின் காலத்தில் அது 10 ரூபிள். ஆகவே அரைக் கோப்பெக் மதிப்புள்ள 'தெங்கா' என்னும் சிறு காசு 8.2 கிராம் நிறுக்கும். எலிசபெத்தின் ஆட்சியில் 1757-இல் அது 16 ரூபிளாக மாறிற்று. அந்த விகிதத்தில் அச்சான ஐந்து கோப்பெக் காசு, 'பியத்தாக்' என்று ருஷ்யர் அழைக்கும் அந்தப் பெருங்காசு, 51.2 கிராம் எடையும் 4 செண்டிமீட்டருக்கு மேற்பட்ட விட்டமும் உடையது. சைபீரியக் கோலிவான் செம்பில் பொன்னும் வெள்ளியும் சிறிதளவு கலந்திருந்தமையால், ஒரு பூதுக்கு 25 ரூபிள் என்ற தனி விகிதத்தில் அங்கே காசு அச்சிட்டார்கள். அவற்றுள் பத்துக் கோப்பெக் காசு சுமார் 65 கிராம். மண் தின்றதனால் எடை சற்றுக் குறைந்திருப்பினும், தராசு சொல்லும் சாட்சியம் பெரும்பாலும் பொய்ப்பதில்லை.

தராசுக்கு அடுத்தது விளக்கு. காசைச் சமதளத்தில் வைத்து, ஒளியைப் பக்கவாட்டில் தாழ விழச் செய்து, பூதக்கண்ணாடியால் நோக்கினால், மேடும் பள்ளமும் நிழலால் பேசத் தொடங்கும். இருதலைக் கழுகின் இறகு தோன்றும். அதன் இருமருங்கும் அக்கசாலையின் குறியெழுத்துக்கள் தென்படும். யூரல் மலைப்பகுதியின் யெகதெரின்பூர்க் அக்கசாலை அச்சிட்ட காசுகளே மிகுதி. மறுபுறத்தில் மாலை சூழ்ந்த முடியெழுத்து. யெலிசவெத்தா, யெகதெரீனா என்று ருஷ்ய மொழியில் இரு அரசியர் பெயருக்கும் முதலெழுத்து ஒன்றே. அந்த எழுத்தினூடே ரோம இலக்கமாகிய இரண்டு தெரிந்தால், அது இரண்டாம் காத்தரீனின் காசு என்று ஐயமின்றித் துணியலாம்.

இனி அந்த மூன்று ஆட்சிகளின் கதை. 1762-ஆம் ஆண்டில் ஏறத்தாழ ஆறே மாதம் அரியணையில் இருந்த மூன்றாம் பீட்டர், ஒரு பூதுக்கு 32 ரூபிள் என்று விகிதத்தை இரட்டித்து, எலிசபெத்தின் ஐந்து கோப்பெக் காசுகளின் மேலேயே முரசும் கொடியும் பொறித்துப் பத்துக் கோப்பெக் ஆக்கினார். அவரை நீக்கி அரசேறிய மனைவி காத்தரீன், பழைய விகிதத்தை மீட்டு, அதே வில்லைகளின்மேல் தம் முடியெழுத்தை அறைந்து, மீண்டும் ஐந்து கோப்பெக் ஆக்கினார். அச்சின் அடி எப்பொழுதும் முழுமையாக விழுவதில்லை; ஆதலின் காத்தரீனின் மாலைக்கடியில் பீட்டரின் கொடிக்கம்பம் ஒன்று, அதற்கும் அடியில் எலிசபெத்தின் எழுத்தின் ஒரு வளைவு என, மயிரிழை போன்ற கோடுகள் எஞ்சி நிற்கும். ஒரு குடும்பத்தின் பகைமையும் ஓர் அரசின் பணமுடையும் இவ்வளவு சுருக்கமாக எழுதப்பட்டதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அந்தக் கோடுகள் எங்கே வாழ்கின்றன என்பதுதான் முக்கியமான கேள்வி. செம்பிற் களிம்புபோல் உயிரோடு மலம் உடனிருக்கிறது என்று சைவ சித்தாந்திகள் உவமை சொல்வார்கள். அங்கே களிம்பு நீங்க வேண்டிய அழுக்கு. நம் வீடுகளிலும் செம்புப் பாத்திரத்தைப் புளியிட்டு விளக்கிப் பளபளக்கச் செய்வதே வழக்கம். அந்த வழக்கத்தின் வசத்தால், பழகாத காலத்தில் நானும் ஒரு காசைப் புளியில் ஊறவைத்துத் தேய்த்தேன். செம்பு செக்கச் செவேலென்று ஒளிவிட்டது, கழுகு மறைந்தது. அன்று நான் கற்றது இது: மண்ணில் கிடந்த காசின் மேற்புறமே ரூபம் மாறிக் களிம்பாயிற்று. செம்மை நிறக் குப்ரைட் என்னும் படலமும் அதன்மேல் பசுமை நிற மலாக்கைட்டும் உருவானபோது, எழுத்தின் வடிவம் அந்தப் படலத்தில் தங்கிவிட்டது. அடியிலுள்ள உலோகம் குண்டும் குழியுமானது. களிம்பைச் சுரண்டுகிறவன் அழுக்கை நீக்குவதில்லை. காசின் முகத்தை நீக்குகிறான்.

ஆயினும் களிம்பெல்லாம் நற்களிம்பு அன்று. வெளிர்பச்சையாய், மாவுபோல் உதிர்ந்து, துடைத்தாலும் மீண்டும் பூக்கும் புள்ளிகள் குளோரைடினால் வரும் நோய். ஈரக்காற்றுப் பட்டால் அது செம்பை உள்ளேயே அரித்துத் தின்னும். வயல்களில் இட்ட ரசாயன உரத்தின் உப்பும் இந்நோயை வளர்ப்பதுண்டு. இத்தகைய காசைக் காய்ச்சி வடித்த நீரில் நாள்தோறும் நீர் மாற்றி ஊறவைத்து, வேண்டுமாயின் சோடியம் செஸ்குவிகார்பனேட் கரைசலில் வாரக்கணக்காக இட்டு, பின் நன்றாக உலர்த்தி, பென்சோட்ரையசோல் கலந்த சாராயக் கரைசலால் நோயை அடக்குவார்கள். அது நஞ்சாதலால் கையுறை இன்றித் தொடலாகாது. மண்ணை அகற்ற மென்தூரிகையும் மரக்குச்சியும் போதும். உலோக ஊசியும் அமிலமும் மின்பகுப்பும் இந்த வேலைக்குப் பகை. முடிவில் மெழுகின் மெல்லிய பூச்சு ஒன்று, சிலிகா ஜெல் வைத்த உலர்ந்த பெட்டி, பி.வி.சி. உறைகளைத் தவிர்க்கும் எச்சரிக்கை. இவ்வளவே.

இவ்வளவும் செய்து மாதங்கள் கடந்தபின், காசு பார்வைக்கு ஏறத்தாழ வந்தபடியேதான் இருக்கும். கருமை கலந்த பச்சை மாறுவதில்லை. ஆனால் மாலை வேளையில், விளக்கை ஒரு பக்கம் தாழ்த்தி, என் மேசைமீதுள்ள ஒரு பியத்தாக்கை மெல்லச் சாய்க்கும்போது, காத்தரீனின் எழுத்துக்குக் கீழே பீட்டரின் கொடிக்கம்பம் ஒரு நிழலாக எழுந்து நிற்கும். இன்னும் சற்றே சாய்த்தால் அது மறைந்துவிடும். அந்த ஒரு நிழலைத் தேய்க்காமல் விட்டதற்காக என் கைகளுக்கு நான் நன்றி சொல்கிறேன்.