பொச்சாவாமையும் பட்டப்பின் பயிற்சியும்

மருத்துவர், தாதியர், உளவளத்துணையாளர் ஆகியோர்க்கு 'மைன்ட்புல்னெஸ்' எனும் பயிற்சியைப் பட்டப்பின் கல்வியாக அளிக்கும் வழக்கம் மேனாட்டுப் பல்கலைக்கழகங்களில் இடம்பெற்றுள்ளது. இதனைத் தமிழில் 'மனநிறைவு' என எழுதுவாரும் உளர். அது பொருந்தாது. மனநிறைவு என்பது திருப்தி. ஈண்டுக் கருதப்படுவதோ கவனம். சொல் பிழைத்தவிடத்துப் பொருளும் பிழைக்குமாதலின், முதற்கண் சொல்லை ஆராய்தல் வேண்டும்.

அச்சொல்லின் வரலாற்றில் இலங்கைக்கும் பங்குண்டு. இந்நாட்டுக் குடியியற் சேவையிலிருந்த றைஸ் டேவிட்ஸ், 1881இல் வெளியான தம் மொழிபெயர்ப்பில் 'ஸதி' என்னும் பாளிச் சொல்லுக்கு அவ்வாங்கிலப் பதத்தை ஆண்டார். வடமொழியில் ஸ்மிருதி எனப்படுவதே பாளியில் ஸதி. அதன் முதற்பொருள் நினைவு. பின்னர், கண்டியை அடுத்த வன ஆச்சிரமத்தில் வாழ்ந்த ஜேர்மானியத் துறவி ஞானபோனிக தேரர் பௌத்த தியானத்தைப் பற்றி எழுதிய ஆங்கில நூல் 1954இல் கொழும்பில் வெளிவந்தது. கலப்பற்ற கவனத்தை விரித்துரைத்த அவர், தெளிந்தறிதலை அதனின்றும் பிரித்தாரல்லர். மேனாட்டார் பெரிதும் போற்றியது முன்னதையே.

1979இல் மசச்சூசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜோன் கபட்-சின் நாட்பட்ட நோயாளருக்கெனப் பயிற்சியொன்றை அமைத்தார். மருத்துவமனைக்கு ஏற்குமாறு சமயக் கூறுகள் நீக்கப்பட்டன. வேல்ஸ் நாட்டுப் பாங்கர்ப் பல்கலைக்கழகத்தில் 2001இல் இதற்கென ஒரு நிலையம் தோன்றிப் பட்டப்பின் நெறிகளையும் வகுத்தது. மும்முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வுற்றோர்க்கு இவ்வழிச் சிகிச்சை தகும் என இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி 2004இல் பரிந்துரைத்தது. இவை மறுக்கற்பாலன அல்ல. பயிற்றுவிப்போன் தானும் நாடோறும் பயிலல் வேண்டுமென்ற விதி மிகவும் போற்றத்தக்கது. எனினும் நோயாளருக்கு உதவியது யாவர்க்கும் உதவும் எனக் கொண்டு பாடசாலைகளிற் புகுத்தியவிடத்து விளைவு வேறாயிற்று. பிரித்தானியாவில் எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட மாணவரைக் கொண்டு நடத்தப்பட்டு 2022இல் வெளியான ஆய்வு, வழமையான கற்பித்தலினும் இது மேம்பட்டதெனக் காட்டவில்லை.

இனித் தமிழ் மரபை நோக்குவாம். திருக்குறளின் 54ஆம் அதிகாரம் பொச்சாவாமை. மகிழ்ச்சியால் மறவியுறாமை என்பது அதன் கருத்தாகப் பரிமேலழகர் கொள்வர். நினைவும் விழிப்பும் ஒரு சொல்லில் அடங்கும் இவ்வமைதி ஸதிக்கு மிக அணுக்கமானது. அன்றியும், வள்ளுவர் இதனைத் துறவறவியலில் வையாது, பொருட்பாலில் சுற்றந்தழாலுக்கும் செங்கோன்மைக்கும் இடையே வைத்தார். பிறரைக் காக்கும் பொறுப்புடையோன் தன் கடமையை மறவாதிருத்தலே அங்குப் பேசப்படுவது. தன் மன அமைதியன்று. மருத்துவத் தொழிலுக்கு இதனினும் ஏற்ற இலக்கணம் யாது? பட்டப்பின் பாடத்திட்டங்களோ கற்போனின் அமைதியிற் பெரும்பொழுதைச் செலவிடுகின்றன. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரமும் இயமம் நியமம் கூறிய பின்னரே மூச்சுக்கு வருகின்றது. மூச்சிலேயே தொடங்குவோர் இவ்வரிசையை எண்ணுதல் நன்று.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 1987 ஒக்டோபரில் கொக்குவில் இந்துக் கல்லூரியில் அடைக்கலம் புகுந்திருந்தோர் பலர் எறிகணை வீச்சில் உயிரிழந்தனர். அந்நாளைக் கண்டோர் இவ்வூரில் இன்னும் உளர். அத்தகையோரைக் கண்மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னால் அமைதிக்கு மாறாக அந்நாளே எதிர்வந்து நிற்றலும் கூடும். நினைவு புண்பட்ட இடத்தில், நினைவு என்றே பொருள்படும் பயிற்சியை எவ்வாறு தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதே முதற் பாடமாதல் வேண்டும்.

இதனை யாழ்ப்பாணத்திற் செய்து காட்டியவர் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம். போரின் உளத் தாக்கத்தை ஆராய்ந்த அவரது ஆங்கில நூல் 1998இல் வெளிவந்தது. சைவர்க்குப் பிரணவ செபமும் சாந்தியாசனமும், கிறித்தவர்க்குச் செபமாலை, பௌத்தர்க்கு மூச்சைக் கவனித்தல், இசுலாமியர்க்குத் திக்கிர் என அவரவர் சமயத்தினின்றே அவர் முறைகளைத் தேர்ந்தார். செபத்தைத் 'தளர்வுப் பயிற்சி' எனச் சுருக்குதல் சமயத்தார்க்கு உவப்பாகாது, அக்குறை நியாயமானதே. ஆயினும் மருத்துவன் தன் எல்லைக்கு அப்பால் வாக்களிக்காமை அதிற் புலப்படுகின்றது. மனத்தை வெறுமையாக விடாது பழகிய சொல்லொன்றைப் பற்றுக்கோடாகக் கொடுத்தமையே அம்முறையின் சிறப்பு எனலாம்.

1978இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவ பீடமும், கைதடியில் 1984 முதல் நடைபெறும் சித்த மருத்துவக் கல்வியும் இங்குண்டு. இப்பயிற்சியைப் பட்டப்பின் நெறியாக இவை வகுக்குமிடத்து, தேர்வுக்குரிய முதல் வினா மாணவன் எத்துணை நேரம் அசையாது அமர்ந்தான் என்பதாகலாகாது. எதிரே அமர்ந்தவளின் மூச்சு திடீரெனக் குறுகியதை அவன் கண்டானா, கண்டதும் அவளைக் கண்திறக்கச் சொன்னானா என்பதே கேட்கப்படல் வேண்டும்.