சந்தேகம் பறிபோன கதை

துப்பறியும் நாவல் படமாகும்போது ‘கதையை மாற்றிவிட்டார்கள்’ என்று புலம்புவது பழைய ரசனை விமர்சனம். எனக்கு அந்தப் புகார் இல்லை. சுஜாதாவின் ‘ப்ரியா’ லண்டனில் நடப்பது, 1978இல் எஸ்.பி. முத்துராமன் அதைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோனார். போகட்டும். பறிபோனது சந்தேகம். நாவலின் கணேஷ் மூளையை நம்பும் வக்கீல். தப்பாகவும் யோசிப்பான், வாசகனும் கூடவே தடுமாறுவான். படத்தில் அவன் ரஜினிகாந்த். காதலிக்கிறார், அடிக்கிறார், ஜெயிக்கிறார். நாயகப் பிம்பம் தப்பாக யோசிக்க அனுமதியில்லை.

ஜி.என். ரங்கராஜனின் ‘கரையெல்லாம் செண்பகப்பூ’ (1981) இன்னும் வலிக்கிறது. நாவலில் கல்யாணராமன் நாட்டுப்பாடல் ஆராய வந்தவன். கிராமமே அவனுக்குப் பிடிபடாத ஒரு பிரதி. படத்துக்கு இசை எங்கள் பண்ணைப்புரத்து இளையராஜா. நாட்டுப்பாட்டுக்குள்ளேயே வளர்ந்தவர். படமோ அவர் பாட்டை விசாரணைக்கு நடுவே இளைப்பாறும் இடமாக்கிவிட்டது.

“பி, சி சென்டர் ஜனங்களுக்கு இதான் வேணும்” என்பார்கள். அந்த ஜனங்கள் நாங்கள்தான். கம்பத்திலிருந்து குமுளி ஏறும் பஸ்ஸில் மாத நாவலை வைத்துக்கொண்டு, “கொலைகாரன் இவன் இல்லப்பா, வேணா பாரு” என்று பந்தயம் கட்டியவர்கள். சந்தேகப்படத் தெரிந்தவர்களை, கைதட்ட மட்டுமே தெரிந்தவர்களாகக் கட்டமைத்தது யார்? என் புகார் அதுதான்.