கேட்டுக்கேட்டு வாங்கும் ஒப்புதல்

ஓர் இணையப் பக்கத்தை உலாவி கேட்பதும், வழங்கி எனப்படும் மறுமுனைக் கணினி அதை அனுப்புவதும் எச்டிடிபி என்ற நெறிமுறைப்படி நடக்கின்றன. அந்த நெறிமுறைக்கு நினைவு என்பதே இல்லை. ஒருவர் ஒரு நூலைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பணம் செலுத்தும் பக்கத்துக்குப் போனால், முன்பு வந்தவர்தான் மீண்டும் வந்திருக்கிறார் என்பதை வழங்கி தானாக அறிய வழியில்லை. நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பொறியாளர் லூ மொன்டுலி 1994இல் இதற்குக் கண்ட தீர்வே குக்கீ. வழங்கி கொடுத்தனுப்பும் சிறு எழுத்துத் தொடரை உலாவி சேமித்துவைத்து, அதே தளத்தை நாடும் ஒவ்வொரு முறையும் அதைத் திருப்பி அனுப்புகிறது. மருத்துவமனையில் வாங்கிய டோக்கனை ஒவ்வோர் அறையிலும் காட்டுவதைப் போன்ற ஏற்பாடு இது. எல்லாத் தளங்களும் பார்க்கக்கூடிய ஒரே நிரந்தர எண்ணை ஒவ்வோர் உலாவிக்கும் கொடுத்துவிடும் எளிய வழியும் அப்போது இருந்தது. அது பயனரைத் தளம்தளமாகப் பின்தொடர இடங்கொடுக்கும் என்பதாலேயே மொன்டுலி அதை ஒதுக்கினார் என்பது, பின்னால் நடந்ததை நோக்க, கசப்பான முரண்.

குக்கீ ஒன்றைத் திறந்து பார்த்தால் ஒரு பெயர், அதற்கு நேரே பொருள் விளங்காத நீண்ட எழுத்தும் எண்ணும் கலந்த கோவை, அது எந்தத் தளத்துக்குரியது, எப்போது காலாவதியாகும் என்ற குறிப்புகள், பாதுகாப்பு பற்றிய ஓரிரு நிபந்தனைகள் ஆகியவையே இருக்கும்; எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 4 கேபி அளவுக்குள் அடங்கும். அது இயங்கக்கூடிய நிரல் அன்று என்பதால், குக்கீயை வைரசோடு சேர்த்துப் பேசும் வழக்கம் பிழையானது. சிக்கல் தொடங்குவது மூன்றாம் தரப்புக் குக்கீயில்தான். ஒரு செய்தித் தளத்தின் பக்கத்தில் விளம்பர நிறுவனத்தின் படம் பதிக்கப்பட்டிருந்தால், அது கண்ணுக்குத் தெரியாத புள்ளியளவே இருந்தாலும், அதைப் பெறுவதற்காக உலாவி அந்த நிறுவனத்தின் வழங்கியையும் நாடுகிறது. அந்த வழங்கியும் தன் பங்குக்கு ஒரு குக்கீயை வைத்துவிடுகிறது. அதே பயனர் அடுத்துத் திறக்கும் மருந்துத் தளத்திலும் பயணச்சீட்டுத் தளத்திலும் அந்த நிறுவனத்தின் படம் இருக்குமானால், மூன்று வருகைகளும் ஒரே எண்ணின்கீழ் கோக்கப்பட்டுவிடுகின்றன.

இந்த ஆபத்து தாமதமாகக் கண்டறியப்பட்டதும் அன்று. குக்கீக்கான முதல் முறைப்படியான தரநிலை 1997 பிப்ரவரியில் ஆர்எப்சி 2109 என்ற எண்ணுடன் வெளியானபோதே, பயனர் தாமாக நாடாத தளங்களின் குக்கீகளை உலாவிகள் இயல்பாகவே மறுக்க வேண்டும் என்று அது கூறிவிட்டது. நெட்ஸ்கேப், மைக்ரோசாப்ட் ஆகிய இரு நிறுவனங்களின் உலாவிகளும் அதைப் பின்பற்றவில்லை. உலாவி செய்திருக்க வேண்டிய மறுப்பு அன்றிலிருந்து பயனரின் வேலையாயிற்று. குக்கீ மேலாண்மை என்று இன்று சொல்லப்படுவதன் பெரும்பகுதி, கைமாறிய அந்தச் சுமையைத் தவிர வேறில்லை.

பயனருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை, அமைப்புகள் பகுதிக்குச் சென்று குக்கீகளை அவ்வப்போது அழித்துவிட வேண்டும் என்பதாகும். பிரவுசிங் சென்டரிலோ நூலகத்திலோ உள்ள பொதுக் கணினியில் இது இன்றியமையாதது. உள்நுழைந்தவர் யார் என்பதைக் காட்டும் குக்கீ அழியாமல் இருந்தால், அடுத்து அமர்பவர் கடவுச்சொல் இல்லாமலே அந்தக் கணக்குக்குள் போய்விட முடியும். சொந்தக் கணினியில் இதன் பயன் அவ்வளவு தெளிவாக இல்லை. எல்லாத் தளங்களிலிருந்தும் வெளியேற்றப்பட்ட பயனர் ஒவ்வொன்றிலும் மறுபடி நுழைய வேண்டியிருக்கிறது. விளம்பர நிறுவனமோ புதிய எண் ஒன்றைக் கொடுத்து வேலையைத் தொடர்கிறது. இதைவிட விசித்திரம், குக்கீ வேண்டாம் என்று பயனர் முன்பு சொன்ன மறுப்பும் பெரும்பாலும் ஒரு குக்கீயாகவே சேமிக்கப்படுகிறது என்பது; அழிப்பவர் தம் மறுப்பையும் சேர்த்தே அழித்துவிடுவதால், மறுநாள் அதே கேள்வி அவர் முன் மீண்டும் வந்து நிற்கிறது.

அந்தக் கேள்வி ஐரோப்பியச் சட்டத்தின் விளைவு. மின்தகவல்தொடர்பில் அந்தரங்கம் காப்பதற்கான 2002ஆம் ஆண்டு நெறியாணை 2009இல் திருத்தப்பட்டபோது, தளம் இயங்க இன்றியமையாதவை நீங்கலாக மற்றக் குக்கீகளுக்குப் பயனரின் முன் ஒப்புதல் தேவை என்றாயிற்று. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிமுறை, ஒப்புதல் என்றால் எது என்பதை இறுக்கமாக வரையறுத்தது. முன்கூட்டியே குறியிடப்பட்ட பெட்டி ஒப்புதல் ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் பிளானட்49 வழக்கில் 2019 அக்டோபரில் தீர்ப்பளித்தது. இந்த ஏற்பாட்டின் சாதனையைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது: பொதுமக்கள் பெயர்கூடக் கேட்டிராத ஒரு வணிகம் இதனால் வெளிச்சத்துக்கு வந்தது, ஒழுங்குமுறை அமைப்புகளுக்குத் தண்டிக்கும் அதிகாரமும் கிடைத்தது. எனினும் சட்டம் கேட்ட ஒப்புதல், திரையில் வேறொன்றாக உருமாறியது. ‘அனைத்தையும் ஏற்கிறேன்’ என்ற பொத்தான் பளிச்சென்று பெரிதாக நிற்க, ‘விருப்பங்களை நிர்வகி’ என்பது சாம்பல் நிறத்தில் ஒதுங்கியிருக்கும். அதைத் தொட்டால் திறக்கும் அடுத்த திரையில் கூட்டாளி நிறுவனங்களின் பட்டியல் நூற்றுக்கணக்கில் நீளும். ‘நியாயமான நலன்’ என்ற தலைப்பின்கீழ் சில பொத்தான்கள் முன்பே இயக்கப்பட்டிருக்கும். ஏற்பதற்கு ஒரு சொடுக்கு போதும், மறுப்பதற்குப் பல சொடுக்குகள் வேண்டும் என்ற இந்த ஏற்றத்தாழ்வுக்காகவே பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையமான சிஎன்ஐஎல், 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததாக அறிவித்தது.

இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதலையே முதன்மை அடித்தளமாகக் கொண்டுள்ளது. ஒப்புதல் கோரும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளிலும் படிக்கும் வாய்ப்பு தரப்பட வேண்டும் என்கிறது. வரவேற்கத்தக்க விதிதான், ஆயினும் அவசரமாக ரயில் நேரம் பார்க்க வந்தவரிடம் தூய தமிழில் கேட்டாலும், அவர் படிக்காமல் ஏற்றுவிட்டுப் போவதற்கே வாய்ப்பு அதிகம். குறை மொழியில் மட்டும் இல்லை, கேட்கும் தருணத்திலும் இருக்கிறது.

பயனரிடம் கேட்காமலே உலாவி தடுத்துவிடும் மூன்றாவது வழி இவற்றினும் வலுவானது. ஆப்பிளின் சபாரி 2020 மார்ச்சில் மூன்றாம் தரப்புக் குக்கீகளை முழுமையாகத் தடுத்தது. பயர்பாக்ஸ் 2022 முதல் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனிக் குக்கீப் பேழையை இயல்பாக ஒதுக்குவதால், ஒரு தளத்தில் வைக்கப்பட்ட மூன்றாம் தரப்புக் குக்கீ இன்னொரு தளத்தில் அகப்படுவதில்லை. குரோம் உலாவியை நடத்தும் கூகுள் மட்டும், இரண்டு ஆண்டுகளில் நீக்குவதாக 2020இல் அறிவித்து, பலமுறை தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் அத்திட்டத்தையே கைவிட்டது. விளம்பர வருவாயில் வாழும் நிறுவனத்திடம் வேறெதை எதிர்பார்ப்பது என்று கேட்பது எளிது. ஆனால் எதிர்த்தரப்பிலும் ஒரு நியாயம் இருந்தது: ஜிமெயில், யூடியூப் போன்றவற்றில் உள்நுழைந்திருக்கும் பயனர்களை அறியக் கூகுளுக்கு மூன்றாம் தரப்புக் குக்கீ அவ்வளவாகத் தேவையில்லை, அதை ஒழித்தால் சிறிய விளம்பர நிறுவனங்களே முதலில் வீழும் என்ற அச்சத்தால்தான் பிரித்தானியாவின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் இதில் தலையிட்டது. போதாக்குறைக்கு, திரையின் அளவு, எழுத்துருக்கள், நேர மண்டலம் போன்ற விவரங்களைத் தொகுத்தே, கைரேகையைக் கொண்டு ஆளை அறிவதுபோல, ஒரு கணினியை அடையாளம் காணும் உத்தியும் இருக்கிறது. குக்கீயையாவது பயனர் பார்க்கலாம், அழிக்கலாம். இந்தக் கைரேகையை அழிக்க ஒரு பொத்தானும் இல்லை.

ஆகவே தடுப்பது எது என்பதைவிட, பயனரின் மறுப்பை ஒருமுறை பதிந்துகொண்டு எல்லாத் தளங்களுக்கும் அறிவிப்பது யார் என்பதே முதன்மையான கேள்வியாகிறது. பின்தொடராதே என்று உலாவி அறிவிக்கும் முந்தைய முயற்சி, அதை மதிக்குமாறு தளங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லாததால் தேய்ந்துபோனது. அதே எண்ணத்தில் 2020இல் உருவான உலகளாவிய அந்தரங்கச் சைகைக்குக் கலிபோர்னியாவில் சட்ட வலு கிடைத்திருக்கிறது. 2027 ஜனவரி முதல் உலாவிகள் இத்தகைய சைகையை அனுப்பும் அமைப்பைத் தந்தாக வேண்டும் என்றும் அம்மாநிலம் 2025இல் சட்டம் இயற்றியுள்ளது. அந்தச் சட்டம் கேட்பது பயனர் எளிதில் கண்டுபிடிக்கக்கூடிய ஓர் அமைப்பை மட்டுமே. அது தொடக்கத்திலிருந்தே இயங்கும் நிலையில் இருக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை.