லாரியை அளக்கும் ரயில்

திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் கரிமூட்டத்திலிருந்து கிளம்பும் லாரிகள் எப்போதும் உயரமாகவே இருக்கும். சீமைக்கருவேலங்கரிக்கு எடை குறைவு, அடைக்கும் இடமோ அதிகம். வாடகை கட்டுப்படியாக வேண்டுமே! மூட்டைமேல் மூட்டையாக அடுக்கித் தார்ப்பாய் போட்டுக் கயிற்றால் இறுக்கிவிடுவார்கள். வைக்கோல் லோடும் அப்படித்தான். மின்மயமான பாதையின் ரயில்வே கேட்டுக்குச் சற்று முன்னால் சாலையின் குறுக்கே நிற்கும் இரும்புச் சட்டம் இந்த லாரிகளை மறிக்கிறது. அது விடும் உயரம் 4.67 மீட்டர். அதற்கு மேல் போனால், தண்டவாளத்தின் மேலே ஓடும் 25,000 வோல்ட் கம்பி ஆளைத் தின்றுவிடும்.

பழைய சரக்குக் கொட்டகைகளிலும் இப்படியொரு சட்டம் தொங்கியது. வாகனில் ஏற்றிய பொதி அதனடியில் உரசாமல் வெளியே வந்தால், வழியில் எந்தப் பாலத்திலும் இடிக்காது என்று பொருள். அன்று ரயில் தன் சுமையை அளந்தது. இன்று அடுத்தவன் சுமையை அளக்கிறது.

அளவு வரம்பின் பயனைக் குறைத்துச் சொல்ல முடியாது. அகலம் 3.25 மீட்டருக்குள் அடங்கிய பெட்டி, கன்னியாகுமரியில் கிளம்பினால் ஜம்மு வரை எந்தப் பிளாட்பாரத்திலும் உரசாமல் போய்ச் சேரும். பெரிய டிரான்ஸ்பார்மர் போல வரம்பை மீறும் சரக்குக்கும் வழி உண்டு. ரயில்வேயில் அதை ‘ஓடிசி’ என்பார்கள். வழிநெடுக இடைவெளியைக் கணக்கிட்டு, தனி அனுமதி வாங்கி, வேகம் குறைத்து ஓட்டுவார்கள்.

ஆனால் வரம்பு உறைந்துபோனால் அதற்கும் விலை உண்டு. அருப்புக்கோட்டை வழியே போகும் விருதுநகர்–மானாமதுரைப் பாதை 1963-64இல் மீட்டர் கேஜில் திறக்கப்பட்டு, 2013இல் அகலப்பாதையாக மறுபடி ஓடத் தொடங்கியது. தண்டவாள இடைவெளி 1,000 மில்லிமீட்டரிலிருந்து 1,676 ஆனது. அதாவது, மூன்றில் இரண்டு பங்கு கூடியது. பெட்டியின் அகலமோ ஏறத்தாழ அரை மீட்டர்தான் கூடியது. ஜப்பானின் ஷின்கான்சென் 1,435 மில்லிமீட்டர் பாதையில் 3.38 மீட்டர் அகலப் பெட்டியை ஓட்டுகிறது! நம்மைவிடக் குறுகிய பாதை, நம்மைவிட அகலமான பெட்டி. நம்மிடம் பெட்டியைத் தடுப்பது பிளாட்பார விளிம்பு. பாதையின் நடுவிலிருந்து 1.67 மீட்டரில் கட்டப்பட்ட ஆயிரக்கணக்கான பிளாட்பாரங்களை யார் இடிப்பது?

அதற்காக அகலப்பாதை வீண் என்று சொல்வதற்கில்லை. சென்னையிலிருந்து செங்கோட்டை போகும் சிலம்பு எக்ஸ்பிரஸ் அருப்புக்கோட்டை வழியே ஓடுவது அதனால்தான். சரக்கையும் நடுவழியில் வண்டி மாற்ற வேண்டியதில்லை.

புதிதாகக் கட்டும்போது வரம்பை மாற்ற முடியும் என்பதற்குச் சரக்கு ரயிலுக்கென்றே போட்ட மேற்கு சரக்குப் பாதையே சாட்சி. அங்கே மின்கம்பி ஏழரை மீட்டர் உயரத்தில் ஓடுகிறது. கன்டெய்னர்மேல் கன்டெய்னர் அடுக்கிப் போகிறார்கள். நாளுக்குச் சில வண்டிகள் ஓடும் அருப்புக்கோட்டைப் பாதைக்கு அந்தச் செலவைக் கேட்பது பேராசை.

ரயில்வே பக்கம் சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகன விதி சாதாரணச் சரக்கு லாரிக்குத் தரும் உயரமே நான்கு மீட்டர்தான். இரும்புச் சட்டம் அதற்கும் மேலே தாராளம் காட்டுகிறது. ஆனாலும் ஒரு நெருடல். டிரான்ஸ்பார்மருக்கு விதிவிலக்கு எழுதத் தெரிந்த துறை, கேட்டை மூடிச் சுரங்கப்பாதை தோண்டும் இடங்களில் வைக்கோல் வண்டியை நினைப்பதில்லை. பல சுரங்கப்பாதைகளின் உயரம் இந்த இரும்புச் சட்டத்தைவிடக் குறைவு. அறுவடை இயந்திரத்துக்கும் அங்கே தகராறுதான். ஐப்பசியில் மழை பிடித்தால் தண்ணீர் வேறு தேங்கும்.

கேட்டில் இரும்புச் சட்டம் மறித்தால், மேல் வரிசை மூட்டைகளைச் சாலையோரம் இறக்கி, லாரியை அக்கரை சேர்த்து, மூட்டைகளைத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் மறுபடி அடுக்க வேண்டும். அந்த இறக்குகூலியும் ஏற்றுகூலியும் கரிக்காரர் கணக்கில் எழுதப்படுகின்றன.