ஊரை விட்டுப் போனவர்களும் ஊரில் இருந்தவர்களும்: ஆங்கிலக் கிராமத்துப் பால்ய நினைவுகள்

இருபதாம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தில் கிராமத்துப் பால்ய நினைவு ஒரு தனி வகைமையாகவே வளர்ந்திருக்கிறது. ஆப்பிள் தோப்பு, இரண்டே அறையுள்ள பள்ளிக்கூடம், தேவாலய மணி, அறுவடைக் கால ஆரவாரம் என்று அது திகட்டாத உலகம். இந்த நூல்களை வரிசையாக வைத்துப் படிக்கும்போது ஒன்று தெளிவாகிறது. எழுதியவர்கள் ஏறக்குறைய எல்லோருமே ஊரை விட்டுப் போனவர்கள். ஊரிலேயே உழைத்து அங்கேயே மண்ணுக்குள் போனவர்களின் பால்யம், வேறொருவர் வந்து உட்கார்ந்து காதுகொடுத்த பிறகுதான் புத்தகமேறியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்தக் கிராமம் முழுதாகப் பிடிபடும் என்பது என் உறுதியான எண்ணம்.

வரிசையில் முதலில் நிற்பவர் ஃப்ளோரா தாம்ப்சன். ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் ஜூனிபர் ஹில் என்ற சிற்றூரில் 1876இல் பிறந்து, பதினான்கு வயதில் அஞ்சலக வேலைக்குப் போனவர். அவருடைய ‘லார்க் ரைஸ்’ 1939இல் வெளிவந்தது. அடுத்த இரு பகுதிகளையும் சேர்த்து 1945இல் ஒரே நூலாக்கினார்கள். அவர் நினைவுகூர்வது 1880களின் கிராமம். பண்ணைக் கூலிக்கு வாரம் 10 ஷில்லிங். வீட்டோரம் வளர்க்கும் ஒரே பன்றிதான் குடும்பத்தின் குளிர்காலச் சேமிப்பு. அறுவடை முடிந்ததும் பெண்களும் பிள்ளைகளும் வயலில் இறங்கிச் சிந்திய கதிர்களைப் பொறுக்குகிறார்கள். இத்தனையையும் எழுதிவிட்டு, முதல் உலகப் போரில் ஊர் இழந்த பதினொரு பேரின் பெயர்கள் பொறித்த பித்தளைத் தகட்டில் தாம்ப்சன் நூலை முடிக்கிறார். அந்தப் பெயர்களில் கடைசியாக, தனித்து நிற்பது தம்பியின் பெயர். கதிர் பொறுக்கிய பிள்ளைகள் பிறகு என்ன ஆனார்கள் என்பதற்கு அந்தத் தகடு பதில் சொல்கிறது.

லாரி லீயின் ‘சைடர் வித் ரோஸி’ 1959இல் வந்தது. குளோஸ்டர்ஷயரின் ஸ்லாட் பள்ளத்தாக்கில், கணவன் கைவிட்ட ஒரு தாய் ஏழு பிள்ளைகளை வளர்த்த கதை. லீ பத்தொன்பது வயதில், 1934இல், நடந்தே ஊரை விட்டுப் போனவர். புத்தகம் தந்த வருமானத்தில் பிறகு ஸ்லாடுக்கே திரும்பினார். வெயிலும் பூவுமான புத்தகம் என்று இதற்குப் பெயர். ஆனால் இதில் ஒரு முதிய தம்பதி வருகிறார்கள். அரை நூற்றாண்டு ஒரே குடிசையில் வாழ்ந்தவர்கள். உடம்பு தளர்ந்ததும் அவர்களை ஏழைகள் இல்லத்துக்குக் கொண்டுபோகிறார்கள். ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பிரிவில் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. பிரித்துவைத்த ஒரு வாரத்துக்குள் இருவருமே இறந்துவிடுகிறார்கள். ஊருக்கே இது அநியாயம் என்று தெரியும், ஆனாலும் யாராலும் தடுக்க முடியவில்லை. ஏழைக்கு முதுமை வந்தால் ஆங்கிலக் கிராமம் என்ன செய்தது என்பதை இந்தச் சில பக்கங்கள் சொல்கிற அளவுக்கு ஆய்வறிக்கைகள் சொல்லிவிடாது.

இப்படிப்பட்ட நூல்கள் 1950களில் அடுத்தடுத்து வந்தது தற்செயலல்ல. கோவென்ட்ரியில் 1946 முதல் 1956 வரை 5 லட்சத்துக்கும் மேற்பட்ட சாம்பல் நிற ஃபெர்குசன் டிராக்டர்கள் தயாராயின. உழவுக் குதிரை தொழுவத்திலிருந்து மறைந்தது. அதோடு லாயக்காரர், கொல்லர், சேணம் தைப்பவர் ஆகியோரின் தொழிலும் அறிவும் ஆதரவிழந்தன. மின்சாரத் துறை 1948இல் அரசுடைமையான பிறகு கம்பிகள் தொலைதூரப் பண்ணைகளை நோக்கி நகர்ந்தன. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி 1947இல் பள்ளி வயது வரம்பு பதினைந்தானது. பெரிய பிள்ளைகள் பேருந்தேறி நகரத்துப் பள்ளிக்குப் போகத் தொடங்கினார்கள். தந்தை செய்த வேலையை மகன் பக்கத்தில் நின்று கற்கும் வழக்கம் ஒரே தலைமுறையில் அறுந்தது. அறுபடுவதைக் கண்ணெதிரே பார்த்தவர்கள்தான் பேனாவை எடுத்தார்கள்.

அப்போது கேட்பவர்களும் வந்தார்கள். வேல்ஸிலிருந்து வந்த ஜார்ஜ் யூவர்ட் எவன்ஸ், மனைவிக்கு ஆசிரியை வேலை கிடைத்ததால் 1948இல் சஃபோக்கின் பிளாக்ஸ்ஹால் கிராமத்தில் குடியேறினார். பக்கத்து வீட்டு முதியவர்களோடு பேசப் பேச, ஏட்டில் இல்லாத ஒரு வரலாறு அவர்களிடம் இருப்பதைக் கண்டுகொண்டார். ‘ஆஸ்க் த ஃபெல்லோஸ் ஹூ கட் த ஹே’ 1956இல் வெளிவந்தது. செங்கல் அடுப்புக்குள் சுள்ளிக் கட்டுகளை எரித்துச் சூடேற்றி, தணலை வாரி வெளியே தள்ளிவிட்டு, ரொட்டி மாவை உள்ளே வைக்கும் முறையை அதில் படிக்கலாம். ஆட்டு ரோமம் கத்தரிக்கும் குழுக்களின் கட்டுப்பாடுகளும் வீட்டில் பீர் காய்ச்சும் பக்குவமும் உண்டு. தாங்கள் சிறுவயதில் செய்ததைச் செய்தவர்களே சொல்லும் நூல் இது. இங்கிலாந்தில் வாய்மொழி வரலாறு என்ற துறைக்கே இது முன்னோடி.

அயோனா, பீட்டர் ஓப்பி தம்பதி வேறு வழியில் போனார்கள். பெரியவர்களின் நினைவைத் தேடாமல், நேரே பிள்ளைகளிடமே கேட்டார்கள். சுமார் 5000 பள்ளிப் பிள்ளைகளிடமிருந்து திரட்டிய விளையாட்டுகள், விடுகதைகள், சத்தியங்கள், கேலிப்பாட்டுகள் 1959இல் நூலாயின. ஓடிப்பிடித்து விளையாடும்போது மூச்சு வாங்கினால், விரலைக் கோத்துக் காட்டி ஆட்டத்தை நிறுத்தச் சொல்லும் வார்த்தை வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுவதை வரைபடமாகவே போட்டார்கள். எல்லாம் அழிந்துவிட்டது என்று பெரியவர்கள் புலம்பிக்கொண்டிருந்த அதே காலத்தில் பிள்ளைகளின் உலகம் உயிரோடு இருந்ததற்கு இந்த நூல் சாட்சி.

ரொனால்ட் பிளைத்தின் ‘ஏக்கன்ஃபீல்ட்’ 1969இல் வந்தது. சஃபோக்கின் சார்ஸ்ஃபீல்ட், டெபாக் ஊர்களை ஒட்டி அமைத்த கற்பனைப் பெயர்கொண்ட கிராமம். பண்ணையாள், கொல்லர், செவிலி, குழிவெட்டுபவர் என்று ஒவ்வொருவரும் தம் வாயால் பேசுகிறார்கள். பேச்சை பிளைத் செதுக்கிவிட்டார் என்று வரலாற்றாளர் சிலர் குறை சொன்னார்கள். அந்தக் குறை நியாயமானதே. ஆனாலும் வயதான பண்ணையாட்களின் பால்யத்தில் வரும் பசியும், முதலாளி முன்னால் வாய்திறக்க முடியாத அச்சமும் செதுக்கியதால் வந்தவை அல்ல. மேரி சேம்பர்லைனின் ‘ஃபென்விமன்’ 1975இல் சதுப்புநிலக் கிராமம் ஒன்றின் பெண்களைப் பேசவைத்தது. விராகோ பதிப்பகத்தின் முதல் நூல் அதுதான்.

நூற்றாண்டின் நடுவில் பிள்ளைகளாக இருந்தவர்கள் பிறகு எழுதியபோது தொனி மாறியது. 1934இல் பிறந்த ஆலன் கார்னர், செஷயரின் ஆல்டர்லி எட்ஜில் கழிந்த போர்க்காலப் பால்யத்தை 2018இல் எழுதினார். உயிருக்கே ஆபத்தான நோய்களில் படுத்துக்கிடந்தவர், தேர்வெழுதி மான்செஸ்டர் கிராமர் பள்ளிக்குப் போனதும் கூடப் படித்தவர்களிடமிருந்து விலக நேர்ந்தது. கல்வி அவரை உயர்த்தியது, ஊரிலிருந்து பிரிக்கவும் செய்தது. லோர்னா சேஜின் ‘பேட் பிளட்’ (2000) வேல்ஸ் எல்லைக்கு அப்பாலிருக்கும் ஹேன்மர் கிராமத்தைப் பற்றியது. ஆங்கிலம் பேசும் ஊர் என்பதால் அதையும் இங்கே சேர்க்கிறேன். குடிகாரப் பாதிரியாரான தாத்தா, அவரை வெறுத்த பாட்டி, அழுக்கேறிய பாதிரியார் இல்லம், பிறகு ஊர் ஓரத்தில் அரசு கட்டித்தந்த புதிய வீடு. பதினாறு வயதில் கருவுற்றும் படிப்பை விடாமல் டரம் பல்கலைக்கழகம் வரை போன பெண்ணின் கதை இது. பூந்தோட்டக் கிராமத்தை இதற்குப் பிறகு யாரும் பழையபடி எழுத முடியாது.

விமர்சகர் ரேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். ஒவ்வொரு தலைமுறையும் தன் சிறுவயதோடு பழைய இங்கிலாந்து மறைந்துவிட்டது என்றே எழுதியிருக்கிறது. பின்னோக்கிப் போகப் போக அந்தப் பொற்காலமும் பின்னால் நகர்ந்துகொண்டே இருக்கிறது. இந்த எச்சரிக்கையை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இதைக் காட்டி நினைவுநூல்களை ஒதுக்கிவிடக் கூடாது. குழந்தைக்கு அடுப்படி தெரியும், தொழுவம் தெரியும், தாயின் கைவெடிப்பு தெரியும். குடியிருக்கும் வீடு யாருடையது என்பது தெரியாது. ஏராளமான பண்ணைத் தொழிலாளிகள் முதலாளியின் வீட்டில்தான் குடியிருந்தார்கள். வேலை போனால் வீடும் போகும். இதற்குச் சட்டப் பாதுகாப்பு வந்ததே 1976இல்தான். இந்தச் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால், அந்த நூல்களில் அப்பாக்கள் ஏன் அவ்வளவு மௌனமாக இருக்கிறார்கள் என்பது விளங்கும்.

எவன்ஸின் ஒலிப்பதிவுகள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. 1951இல் தொடங்கிய ஆங்கிலக் கிராம வாழ்க்கை அருங்காட்சியகம் ரெடிங்கில் ஏர்களையும் வண்டிகளையும் காத்துவருகிறது. 1950களில் பள்ளிப் பிள்ளைகளாக இருந்து ஊரிலேயே தங்கிவிட்டவர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் தாண்டியவர்கள். அவர்களில் பெரும்பாலோர் எதையும் எழுதப்போவதில்லை. அடுத்து வரவேண்டிய நூல் அவர்கள் முன்னால் உட்கார்ந்து கேட்கும் நூல்தான். பூவையும் வெயிலையும் மட்டும் கேட்காமல், அப்பாவுக்குக் கூலி எவ்வளவு, வாடகை யாருக்குப் போனது, அம்மா எத்தனை மணிக்குத் தூங்கினாள் என்றும் அது கேட்க வேண்டும்.