முத்திரை சரி, எண் சரியா?

சுருளி அருவி இரட்டைக் கொலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 15 அன்று சொன்ன தீர்ப்பைப் பாராட்டி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கும் பாராட்டத்தான் தோன்றுகிறது, ஆனால் பாதிதான். மீதிப் பாதியைப் பற்றியது இந்தக் குறிப்பு.

முதலில் வழக்கு. 2011 மே மாதம் தேனி மாவட்டம் சுருளி அருவிக்குப் போன ஓர் இளம் ஜோடி கொல்லப்பட்டது. அந்தப் பெண் பாலியல் வன்முறைக்கும் ஆளானார் என்பது குற்றச்சாட்டு. 2018-இல் விசாரணை நீதிமன்றம் ஒருவருக்குத் தூக்கு விதித்தது. 2019-இல் மதுரைக் கிளை அதை உறுதி செய்தது. சந்தர்ப்ப சாட்சியங்களுக்கு நடுவில் டி.என்.ஏ. அறிக்கைதான் பெரிய தூண். உச்ச நீதிமன்றத்தில் அந்தத் தூண் ஆடிவிட்டது. மாதிரிகள் யார் கையில், எத்தனை நாள், எப்படி இருந்தன என்பதற்கு அரசுத் தரப்பிடம் ஒழுங்கான கணக்கில்லை. மூன்று நீதிபதிகள் அமர்வு அவரை விடுதலை செய்தது.

அதோடு நிற்காமல் நாடு முழுவதற்கும் சில உத்தரவுகள். மாதிரி எடுக்கும்போதே எஃப்.ஐ.ஆர். எண், சட்டப் பிரிவு, விசாரணை அதிகாரி பெயர் எல்லாம் எழுதி, மருத்துவரும் அதிகாரியும் சாட்சிகளும் கையெழுத்துப் போட வேண்டும். 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் காரணம் எழுத வேண்டும். விசாரணை நீதிமன்றத்தின் அனுமதியில்லாமல் உறையைப் பிரிக்கக் கூடாது. யாரிடமிருந்து யாரிடம் கை மாறியது என்று முதலிலிருந்து முடிவு வரை ஒரு பதிவேடு வேண்டும்.

இதன் அருமை எங்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்கு நன்றாகவே புரியும். நான் இருப்பது வில்லியனூர் கொம்யூன். இங்கேயும் பாகூர் பக்கமும் ஒரு வரப்பு தாண்டினால் மாநிலம் மாறிவிடும். பாகூரைச் சுற்றி கடலூர் மாவட்டம், எங்களைச் சுற்றி விழுப்புரம் மாவட்டம். வெயிலும் கடல் ஈரமும் வேறு. ஈரப் பஞ்சுக்குச்சியை உலர்த்தாமல் பிளாஸ்டிக் பையில் போட்டு இரண்டு நாள் வைத்தால் பாக்டீரியா பெருகி டி.என்.ஏ. சிதைந்துவிடும். காற்றில் உலர்த்தி காகித உறையில் வைப்பது என்ற சின்ன விஷயத்தில் ஒரு வழக்கே நிற்கும், அல்லது விழும். அந்த வகையில் தீர்ப்பு செய்தது நல்ல வேலை.

சரி, குறை என்ன? இந்த உத்தரவுகள் எல்லாம் ஆய்வகத்தின் வாசல்படி வரைதான் வருகின்றன. உள்ளே நடப்பதைத் தொடவே இல்லை. உறை பிரியாமல் போய்ச் சேர்ந்தால், அதிலிருந்து வரும் எண்ணும் சரியாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் அடியில் ஓடுகிறது.

ஒரு டி.என்.ஏ. முறையை வழக்குக்குப் பயன்படுத்தும் முன் அதைச் சோதிக்க வேண்டும். எவ்வளவு குறைந்த அளவு வரை சரியாகப் படிக்கிறது, இரண்டு பேர் கலந்திருந்தால் என்ன ஆகிறது, சிதைந்த மாதிரியில் எது முதலில் காணாமல் போகிறது, திரும்பச் செய்தால் அதே விடை வருகிறதா. இதைத்தான் லேப்காரர்கள் வேலிடேஷன் என்கிறார்கள். கிட் தயாரித்த கம்பெனி ஒரு தடவை செய்தால் போதாது. பயன்படுத்தும் ஒவ்வோர் ஆய்வகமும் தன் கருவியில், தன் ஆட்களை வைத்துச் செய்ய வேண்டும். 2016-இல் அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழு வெளியிட்ட அறிக்கையும் இதையே இரண்டாகப் பிரித்தது: முறை அடிப்படையில் செல்லுமா, இந்த வழக்கில் கையாண்ட விதம் செல்லுமா.

நான் இதில் மூன்றாவதாக ஒன்றைச் சேர்ப்பேன். இந்த மக்களிடம் செல்லுமா?

கதை இல்லை, நடந்ததுதான். ஒரு மாதிரி ஆணுடையதா பெண்ணுடையதா என்று பார்க்க உலகம் முழுக்க அமெலோஜெனின் என்ற மரபணுவைப் பயன்படுத்துகிறார்கள். எக்ஸில் ஒரு நீளம், ஒய்யில் ஒரு நீளம். இரண்டும் தெரிந்தால் ஆண், ஒன்று மட்டும் தெரிந்தால் பெண். 1998-இல் வந்த ஓர் ஆய்வில் இலங்கை ஆண்கள் 24 பேரில் 2 பேர் இந்தச் சோதனையில் பெண்ணாகத் தெரிந்தார்கள். அவர்களுடைய ஒய் குரோமோசோமில் அந்தத் துண்டு இல்லை, அவ்வளவுதான். 2002-இல் ஹைதராபாத் சி.சி.எம்.பி.யில் தங்கராஜ், லால்ஜி சிங் குழு 270 இந்திய ஆண்களைப் பார்த்தது. 5 பேர் இப்படி. 2006-இல் இன்னொரு குழு 4257 பேரைப் பார்த்தபோது 10 பேர்தான். எண்கள் ஏன் இவ்வளவு மாறுகின்றன? 24 பேர் மிகக் குறைவு என்பது ஒன்று, எந்தச் சமூகத்தில் எடுத்தார்கள் என்பது இன்னொன்று.

இந்த ஒரு சோதனையை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? அடையாளம் தெரியாத ஆண் உடல் பெண்ணாகிவிடும். பாலியல் வழக்கில் ஆணின் தடயமே இல்லை என்று சொல்லிவிட முடியும். குற்றம் செய்தவன் வெளியே போவான். பிற்பாடு வந்த கிட்களில் ஒய்யின் வேறு இடங்களையும் சேர்த்தது இந்த மாதிரி அனுபவத்தால்தான். இத்தனையிலும் முத்திரையில் ஒரு தப்பும் இல்லை.

அடுத்தது பங்காளி விஷயம். பாலியல் வழக்கில் எடுக்கும் மாதிரியில் பெண்ணின் டி.என்.ஏ. நிறைய, ஆணுடையது கொஞ்சம். அதனால் ஒய்யில் உள்ள இடங்களை மட்டும் தனியாகப் படிக்கிறார்கள். நல்ல முறை. ஆனால் ஒய் அப்பாவிடமிருந்து மகனுக்கு அநேகமாக மாறாமல் இறங்கும். அண்ணன், தம்பி, சித்தப்பா, பெரியப்பா மகன், எல்லாருக்கும் ஒன்றே. பாகூர் பக்கம் ஒரு கிராமத்தில் ஒய் பொருந்துகிறது என்றால் பொருந்துவது ஒரு ஆள் இல்லை, ஒரு வகையறா. அறிக்கையில் 'பொருந்துகிறது' என்ற ஒரே சொல்லோடு இது நீதிமன்றம் போனால், பங்காளி ஒருவர் செய்ததற்கு இன்னொருவர் தூக்குமேடை வரை போகலாம். வேகமாக மாறும் 13 ஒய் இடங்களை 2010-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் முன்வைத்தது இந்தச் சிக்கலைக் குறைக்கத்தான்.

ஒய்யை விட்டுவிட்டு வழக்கமான எஸ்.டி.ஆர். எடுத்தாலும் கேள்வி தீராது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிதைந்த மாதிரி, 5 இடங்கள்தான் படிக்க முடிந்தது. ஒவ்வோர் இடத்திலும் இரண்டு வேறு வடிவங்கள், ஒவ்வொன்றும் மக்களில் 10 சதவீதம் என்று வைப்போம். சம்பந்தமே இல்லாத ஒருவருக்கு ஓர் இடம் தற்செயலாகப் பொருந்த 50-இல் ஒரு வாய்ப்பு. ஐந்தும் பொருந்த 31 கோடியில் ஒன்று. கேட்டவுடனே நீதிபதி நிமிர்ந்து உட்காருவார். ஆனால் செய்தவன் கூடப்பிறந்த தம்பியாக இருக்கலாமோ என்று கேட்டால்? ஒரே அப்பா அம்மாவிடமிருந்து ஒரே ஜோடி வருவதற்கே கால் பங்கு வாய்ப்பு. கணக்குப் போட்டால் சுமார் 380-இல் ஒன்று. அதே மாதிரி, அதே ஐந்து இடங்கள். மாறியது கேள்வி மட்டும். 15 இடங்கள் முழுசாகக் கிடைத்தால் தம்பிக்கும் 5 கோடிக்கு மேல் ஒன்று என்று ஆகிவிடும், அப்போது பயமில்லை. ஆக, எத்தனை இடம் கிடைத்தது, எதிரில் யாரை வைத்து எண் போட்டார்கள், இந்த இரண்டும் தெரியாத எண்ணுக்கு அர்த்தமில்லை. அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் நடக்கும் ஊர்களில் சொந்தமில்லாதவர்களுக்குள்ளும் பொருத்தம் கொஞ்சம் கூடும். அதற்கும் திருத்தம் போட வேண்டும்.

'எதிரே இல்லாததை நீதிமன்றம் எப்படிப் பேசும்?' என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் 2022 நவம்பரில் டெல்லி சாவ்லா வழக்கில் இதே உச்ச நீதிமன்றம், அறிக்கையின் அடிப்படை என்ன, நுட்பத்தை நம்பகமாகக் கையாண்டார்களா என்று கீழ் நீதிமன்றங்கள் பார்க்கவே இல்லை என்று கண்டித்தது. கதவை அப்போதே திறந்தாயிற்று. 2025-இல் நாட்டுக்கே உத்தரவு போடும்போது அந்த வழியாக உள்ளே போயிருக்கலாம். ஆய்வகங்களை ஒழுங்குபடுத்த வந்த டி.என்.ஏ. மசோதாவும் 2023 ஜூலையில் திரும்பப் பெறப்பட்டுவிட்டது. அரசு ஆய்வகத்தின் அறிக்கை, எழுதியவர் கூண்டில் ஏறாமலே சாட்சியமாகிவிடும் வசதி மட்டும் பழைய சட்டத்திலும் இருந்தது, புதிய சட்டத்திலும் இருக்கிறது.

அந்தப் பதிவேட்டில் இன்னும் நான்கு வரி சேர்த்தால் போதும் என்பேன். எந்த கிட், இந்த ஆய்வகம் அதை எப்போது சோதித்தது? எத்தனை இடங்கள் படிந்தன, எத்தனை விழுந்தன? எந்த மக்கள் தொகுப்பை வைத்து எண் போட்டார்கள்? சொந்தக்காரர் யாராவது சந்தேக வட்டத்தில் இருந்தால் அவருக்கு எண் என்ன? இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரிந்த வக்கீல் யாராவது இருந்தால், அடுத்த வழக்கில் இந்த நான்கையும் கேட்கச் சொல்லுங்கள்.